இடச்சக்கரத்தின் மீது நடந்த சொற்போர்

மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் சொற்பயிற்சி மன்றம் ஒரு மேட்டின்மேல் இருந்தது. மேடு என்றால் மலை அன்று. சாலையிலிருந்து நாற்பது தப்படிச் செம்மண் ஏற்றம். வெயிலில் அது பாதை, மழையில் அது பரீட்சை. ஏற்றத்தின் முடிவில் துத்தநாகக் கூரையிட்ட ஒரு கூடம். கூடத்தில் ஒரு மேடை. மேடையில் ஒரு மேசை. மேசையில் ஒரு மணி. அந்த மணி அடித்தால் பேச்சை நிறுத்த வேண்டும். வேறு எதற்காகவும் நான் என் பேச்சை நிறுத்தியதில்லை.

பகலில் நான் துறைமுகத்துச் சரக்கு அலுவலகமொன்றில் எழுத்தர். மாலையில் மன்றத்தின் முதற்பேச்சாளன். இதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம். இரண்டாம் பேச்சாளரே ஒப்புக்கொண்ட செய்தி இது. மலாயா விடுதலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த காலம். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதா, ஊர் திரும்பக் கப்பல் ஏறுவதா என்று தோட்டத்து மக்கள் திகைத்து நின்றபோது, வாரம் தவறாமல் அவர்கள்முன் போய் நின்று, அவர்கள் திகைப்பை அடுக்குமொழியில் அவர்களுக்கே எடுத்துச் சொன்னவர்கள் நாங்கள்.

எங்களையும் எங்கள் ஒலிபெருக்கியையும் ஏற்றிச் சென்றது ஒரு கறுப்பு வாடகைக் கார். அதன் ஓட்டுநரை எல்லாரும் அண்ணன் என்றே அழைத்தோம். ரப்பர்த் தோட்டத்தில் பால் வடியப் பட்டை கீறி மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், காரோட்டக் கற்று, வாடகைக் கார் லைசென்ஸ் பெற்று டவுனுக்கு வந்தவர். மன்றத்தில் அவரும் உறுப்பினர்தான். ஆனால் மேடை ஏறியதில்லை. நீங்கள் பேசுங்கள், நான் ஓட்டுகிறேன் என்று வேலையை அவரே பிரித்துக்கொண்டிருந்தார்.

மேட்டின் அடிவாரத்தில் அவர் குடியிருந்தார். பக்கத்து வீடு ஒரு செட்டி அம்மாளுடையது. மலாக்காச் செட்டிகளை அறியாதவர்களுக்காக ஒரு சொல்: கோயில் நம் கோயில், பொங்கல் நம் பொங்கல், நெற்றியில் இருப்பது நம் திருநீறு, வாயில் வருவது மட்டும் மலாய். அந்த அம்மாள் மலாய்க்காரிகளின் கெபாயாச் சட்டை அணிந்து, வெற்றிலை மென்றுகொண்டு, தம்பி என்று அழைப்பார். அழைத்த பிறகு வருவதெல்லாம் மலாய். மொழியை இழந்தோர் என்ற தலைப்பில் நான் ஆற்றிய உரை மூன்று ஊர்களில் கைத்தட்டல் பெற்றது. அந்த உரையை நான் எழுதியது மன்றத்தின் சன்னலோரம் அமர்ந்து, அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தபடி. அவர் முற்றத்தில்தான் அண்ணனின் கார் நிற்கும். அந்த அம்மாளிடம் நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கோளாறு ஒரு சனிக்கிழமை மாலை வெளிப்பட்டது. பருவம் தப்பிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. கார் மேட்டில் பாதி ஏறியது. பிறகு இடப்பக்கப் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. இஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றுகிறது, கார் நகரவில்லை. வலப்பக்கச் சக்கரமோ அசையாமல், அவையடக்கத்தோடு நின்றது. மற்றவர்கள் இறங்கித் தள்ளினார்கள். பேச்சாளன் தள்ளுவது முறையன்று என்பதால் நான் இறங்கி, இடச்சக்கரத்தின் நேர் பின்னால் நின்று ஆராய்ந்தேன். ஆராய்ச்சியின் முடிவு என் வெள்ளை ஜிப்பா முழுவதும் தெறித்தது.

அன்றைய தலைப்பு குடியுரிமை. அந்தச் செம்மண் கோலத்தோடு நான் மேடை ஏறி, "இந்த மண் எனக்கு வேண்டுமா என்று கேட்கிறீர்கள், இந்த மண் என்னை விடவில்லையே" என்று தொடங்கினேன். கூரை அதிர்ந்தது. கூடத்தின் கடைசி வரிசையில் அண்ணன் மட்டும் கை தட்டவில்லை. அவர் சன்னல் வழியாகக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். செவ்வாய்க்கிழமை காலை வாடகைக் கார்களுக்கு ஆண்டுச் சோதனை. சோதனை அதிகாரி காரை ஒரு சரிவில் நிறுத்தி ஏற்றச் சொல்வார். சரிவில் தண்ணீரும் அடித்து வைத்திருப்பார்கள். ஏறவில்லை என்றால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதைப் பெறக் காத்திருப்போர் வரிசை நீளமானது.

"லைசென்ஸ் போச்சுன்னா மறுபடி தோட்டந்தான், தம்பி" என்றார் அண்ணன். "மரம் வெட்டுன கை மறந்து போச்சு. பொண்டாட்டி புள்ளைங்கள வேற இங்க கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

பட்டறைக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். சீனப் பெருநாள் வாரம். டவுனில் எந்தப் பட்டறையும் திறந்திருக்கவில்லை. பட்டாசுத் தாள் சிவப்பாகக் குவிந்து கிடந்த வாசல்களில் பலகைக் கதவுகள் சாத்திக் கிடந்தன. அப்போதுதான் நான் அந்த வாக்குறுதியைக் கொடுத்தேன். "அண்ணே, கவலையை விடுங்கள். இதை மன்றம் பார்த்துக்கொள்ளும்."

மன்றம் ஒன்றைப் பார்த்துக்கொள்வது எவ்வாறு? எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும். மறுநாள் ஞாயிறு பிற்பகல் சிறப்புச் சொற்போருக்கு அறிவிப்புக் கொடுத்தோம். தலைப்பு: இடச்சக்கரம் சுழல்வதற்குக் காரணம் சக்கரத்தின் தேய்வா, சாலையின் சேறா? எங்கள் விதிப்படி எந்தப் பொருளுக்கும் இரண்டு கட்சிகள் உண்டு, மூன்றாவது கிடையாது. அன்றுவரை அந்த விதியால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. கற்பு பெரிதா கல்வி பெரிதா என்று பேசுகையில் மூன்றாவதாக ஒன்று குறுக்கிட்டு யாரையும் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிடாது.

கார் மேடேறாது என்பதால் மேடை இறங்கி வந்தது. மேசையையும் மணியையும் செட்டி அம்மாளின் முற்றத்துக்குச் சுமந்து வந்து, காரின் இடப்பக்கத்தில் போட்டோம். நாற்காலிகள் இடச்சக்கரத்தை நோக்கி அரைவட்டமாக அமைந்தன. தலைவர் நகராட்சியில் குமாஸ்தா. நேரம் தவறாதவர், அதைவிட விதி தவறாதவர். அண்ணன் அப்போதுதான் ஒரு சவாரி முடித்து, பகலுணவுக்கு வந்திருந்தார். காரின் வலப்பக்கப் பின்சக்கரத்தின்மேல் யாரோ தரை துடைக்கும் துணியொன்றை விரித்திருந்தார்கள். அவைக்கு இழுக்கு என்று கருதி நானே அதை எடுத்து வேலியின்மேல் எறிந்தேன். துணி நன்றாகக் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. நல்ல வெயில் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அன்று காலையிலிருந்து வெயிலே இல்லை.

மன்றத்தில் இன்னொரு விதி உண்டு. மேடையில் பிறமொழிச் சொல் கூடாது. வந்தால் மணி அடிக்கும். தமிழில் திருத்திச் சொன்ன பிறகே தொடரலாம். ஆகவே முதல் கால் மணி நேரம் டயருக்குத் தமிழ் காண்பதில் சென்றது. நான் உருள்பட்டை என்றேன். எதிரணித் தலைவர் வட்டுறை என்றார். அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதைக் கழற்றப் போகிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன். வாக்கெடுப்பில் உருள்பட்டை வென்றது. அதை என் முதல் வெற்றியாகக் குறித்துக்கொண்டேன்.

பிறகு பேசினேன். நன்றாகவே பேசினேன். தேய்ந்த உருள்பட்டையைத் தேய்ந்த சமுதாயத்தோடு ஒப்பிட்டேன். பிடிப்பில்லாதவன் சுழல்வான், முன்னேறமாட்டான் என்றேன். எதிரணியோ சேற்றை ஏகாதிபத்தியத்தோடு ஒப்பிட்டது; அதுவும் மோசமில்லை. இருதரப்பிலும் ஒருவர்கூடக் குனிந்து காரின் அடியில் பார்க்கவில்லை. மேடைப் பேச்சாளன் நிமிர்ந்து நிற்கப் பயின்றவன்; அவனுடைய கழுத்து அதற்கேற்ப வளர்ந்துவிடுகிறது.

பாதியில் அண்ணன் கையை உயர்த்தினார். மன்ற வரலாற்றில் அது முதல் முறை.

"தலைவரே, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். இப்பல்லாம் காடி இறக்கத்துலகூட தானா உருள மாட்டேங்குது. நியூட்ரல்ல போட்டு விட்டாகூட..."

மணி அடித்தது. உறுப்பினர் தமிழில் கூற வேண்டும் என்றார் தலைவர். காடி என்ற சொல்லை இரக்கத்தால் விட்டுவிட்டார். நியூட்ரலை விட முடியவில்லை. அண்ணன் கியரைத் தள்ளுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. பிறகு, "பரவால்லீங்க, நீங்க பேசுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் காரைப் பற்றி அன்று சொல்லப்பட்ட ஒரே உண்மை அவ்வாறு அவைக்குறிப்பில் ஏறாமல் போயிற்று.

அடுத்து செட்டி அம்மாள் வந்தார். வேலியில் கிடந்த துணியை எடுத்தவர், வலச்சக்கரத்தைச் சுட்டிக்காட்டி, அண்ணனிடம் மலாயில் ஏதோ சொன்னார். பானாஸ் என்ற சொல் என் காதிலும் விழுந்தது. பானாஸ் என்றால் சூடு என்பது மலாக்காவில் பிறந்த பூனைக்கும் தெரியும். தலைவர் மணியடித்து, பேசுபவர் உறுப்பினர் அல்லர், பேச்சு தமிழ் அன்று, சுட்டிய சக்கரமோ தலைப்பில் இல்லை என மூன்று காரணம் கூறித் தள்ளுபடி செய்தார். நான் எழுந்து, "தலைவர் அவர்களே, மொழியை இழந்தவர்கள் பக்கத்தையும் இழப்பது இயல்பு, இடமும் வலமும் அவர்களுக்கு ஒன்றே" என்றேன். பலத்த சிரிப்பு. அம்மாளும் சிரித்தார், நாங்கள் எல்லாரும் சிரிக்கிறோமே என்று சிரித்தார். துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தீர்ப்பு என் பக்கம். மன்றத்தில் தீர்ப்புக்குப் பின் எதிர்வாதம் கிடையாது.

திங்கட்கிழமை மாலை, அலுவலகம் விட்டு நான் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது தீர்ப்பு நிறைவேற்றப்பட்டிருந்தது. அண்ணன் மாற்றுச் சக்கரத்தை இடப்பக்கம் பூட்டியிருந்தார். அதன் வரிகள் புதிதாக, ஆழமாக இருந்தன. அப்போதுதான் ஒரு தூறல் நின்றிருந்தது. தலைவரும் எதிரணித் தலைவரும் மேட்டின் உச்சியில் நின்றார்கள். அண்ணன் காரை ஏற்றினார். பாதி மேட்டில் புதிய உருள்பட்டை, பழையதைவிடச் சுறுசுறுப்பாக, நின்ற இடத்தில் சுழன்றது.

எதிரணித் தலைவரின் முகத்தில் தோன்றிய ஒளியை நான் மறக்கமாட்டேன். ஆக, சேறுதான் என்றார் அவர். உடனே தென்னை மட்டைகளும் சரளைக்கல்லும் கொண்டுவந்து சேற்றை மூடினார்கள். கார் மறுபடி வந்தது. சக்கரம் மட்டைகளைப் பின்னால் வீசியெறிந்துவிட்டுச் சுழன்றது. ஒரு மட்டை எதிரணித் தலைவரின் முழங்காலைத் தொட்டுச் சென்றது. இரு கட்சிகளும் தோற்ற சொற்போரை மன்றம் அதற்குமுன் கண்டதில்லை.

இதை மீண்டும் விவாதிக்க வேண்டும் என்றேன். தலைவர் வருத்தத்தோடு விதியை நினைவூட்டினார்: முடிந்த தலைப்பைத் திறக்க இரண்டு வார முன்னறிவிப்பு தேவை. சோதனைக்கு இருந்ததோ ஓர் இரவு.

அண்ணன் காரைப் பின்னோக்கி இறக்கி முற்றத்தில் நிறுத்தினார். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். கோபித்திருந்தால் எனக்கு மறுமொழி இருந்தது.

"நீங்க பாத்துக்குவீங்கன்னு வீட்டுல சொல்லிட்டேன், தம்பி" என்றார். "அவங்க நிம்மதியா சமைச்சிக்கிட்டு இருக்காங்க."

நான் வாயைத் திறந்தேன். இரண்டு தொடக்கங்கள் தோன்றின, இரண்டும் கம்பீரமானவை, இரண்டுக்கும் முடிவு இல்லை. வாயை மூடினேன். மணி அடிக்காமலே நான் பேச்சை நிறுத்திய முதல் சந்தர்ப்பம் அது.

அந்த மௌனத்தில்தான் செட்டி அம்மாள் கையில் ஈரத்துணியோடு வந்தார். எங்களைக் கடந்து போய், மிக இயல்பாக, அதை உதறி வலச்சக்கரத்தின்மேல் விரித்தார். துணியிலிருந்து ஆவி எழுந்தது. சோற்றுப்பானையின் மூடியைத் திறந்தால் எழுமே, அப்படி.

நான் அவரிடம் போனேன். எனக்கும் மலாய் தெரியும். சந்தையில் மீன் வாங்கும் அளவுக்கு. அந்த மலாயில், ஏன் அங்கே போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நேற்று சிரிக்க வைத்த தம்பி இவன்தான் என்று அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"சினி லெக்காஸ் கெரிங், தம்பி" என்றார். இங்கே சீக்கிரம் காய்கிறது. ஒரு மாதமாக இங்கேதான் காயப் போடுகிறாராம். அந்தப் பக்கத்துச் சக்கரம் உதவாதாம். அது எப்போதும் குளிர்ந்தே கிடக்கிறதாம். பிறகு துணியை ஓரமாக ஒதுக்கி, சக்கரத்தைக் காட்டி, "பெகாங் லா" என்றார். தொட்டுப் பார்.

தொட்டேன். மேடையில் உயர்த்திப் பழகிய வலக்கையால், சக்கரத்தின் நடுவிலிருந்த இரும்பை முழு உள்ளங்கையாலும் தொட்டேன். நான் எழுப்பிய ஒலி எந்த மொழியையும் சேர்ந்ததன்று. ஆதலால் விதிமீறல் இல்லை.

அண்ணன் உடனே ஜாக்கி வைத்துக் காரின் பின்புறத்தைத் தூக்கினார். இடச்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார், சுற்றிக்கொண்டே இருந்தது. வலச்சக்கரத்தை இரு கையாலும் பிடித்துத் திருகினார், அசையவில்லை.

"கைபிரேக்கு" என்றார். "லீவர கீழ விட்டாலும் இந்தப் பக்கம் புடிச்ச பிடிய விடல. நான் மடையன். உருள மாட்டேங்குதுன்னு நேத்தே தோணிச்சி."

விளக்கம் எளியது; யாரும் கேட்காததால் எளிமையாகவே இருந்துவிட்டது. இஞ்சினின் வலிமை இரண்டு சக்கரங்களுக்கும் பாதி பாதியாகப் போகிறது. வலப்பக்கப் பங்கை, விடாமல் பிடித்திருந்த பிரேக் தின்று சூடாக்கிக்கொண்டிருந்தது. காரை ஏற்றும் பாரம் முழுவதும் இடச்சக்கரத்தின் தலையில் விழுந்தது. ஈரத்தில் அது வழுக்கிச் சுழன்றது. குற்றம் அமைதியாக நின்ற சக்கரத்தில். தண்டனை சத்தமிட்ட சக்கரத்துக்கு. நாங்கள் மட்டும் என்ன, சத்தம் வருகிற பக்கம்தானே நாற்காலியைப் போடுவோம்.

சூடு ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு அண்ணன் உள்ளே அமர்ந்து கைபிரேக்கை இழுத்து இழுத்து விட, நான் ஜிப்பாவோடு காரின் அடியில் மல்லாந்து படுத்து, உறைக்குள் துருவும் மண்ணுமாக இறுகிக்கிடந்த கம்பிவடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். அம்மாள் அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, இன்னும் இழு, இன்னும் விடு என்று மலாயில் ஆணையிட்டுக்கொண்டிருந்தார். முதலில் கம்பி முனகியது. பிறகு சிறிது நகர்ந்தது. பிறகு ஒரே தாவலாக உள்ளே போயிற்று. வலச்சக்கரம் மெல்லத் திரும்பியது. என் முகத்தில் சொட்டிய மண்ணெண்ணெயை இடக்கையால் துடைத்துக்கொண்டேன், வலக்கை கொப்புளித்திருந்தது.

கார் மேடேறியது. கிடந்த சேற்றிலேயே, எந்த ஆரவாரமும் இல்லாமல் ஏறியது. உச்சியில் கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்த தலைவர், சாவியைக் கையில் பிடித்தபடி, எந்த அணியின் கருத்துப்படி இது ஏறியது என்று கேட்டார். அண்ணன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். கீழே அவர் வீட்டுச் சன்னலில் ஒரு முகம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அதிகாரி காரைச் சரிவில் நிறுத்தினார். தண்ணீர் அடிக்கச் சொன்னார். கைபிரேக்கை இழுத்து, விட்டு, இழுத்துப் பார்த்தார். பகல் உணவு வேளைக்கு அண்ணன் முத்திரை குத்திய தாளோடு வந்தார். அதை மனைவியிடம் கொடுப்பதற்கு முன், வேலியருகே நின்று செட்டி அம்மாளிடம் நீட்டினார். அம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்து, முழுவதும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். இதை அண்ணனே எனக்குச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மன்றத்தில் அவைக்குறிப்பு வாசிக்கப்பட்டது: சக்கரத்தின் தேய்வே காரணம் எனத் தீர்ப்பு, கார் சோதனையில் தேறியது, ஆகவே முதற்பேச்சாளருக்குப் பாராட்டு. தீர்மானம் முன்மொழிந்தவர் எதிரணித் தலைவர். மாலையும் வந்துவிட்டது. நான் ஒப்புக்கொள்கிறேன், மாலையைக் கழுத்தில் வாங்கிய பிறகே எழுந்தேன். காரணம் தேய்வு அன்று, வலச்சக்கரத்தின் பிரேக் என்று தொடங்கினேன். மணி அடித்தது. தடை என்று திருத்திக்கொண்டேன். அதைக் கண்டுபிடித்தவன் நான் அல்லன், பக்கத்து வீட்டு அம்மாள் என்றேன். அவர் அன்று சொன்ன சொல் பானாஸ் என்றேன். மணி அடித்தது. திருத்தச் சொன்னார்கள். நான் கட்டுப்போட்ட கையை உயர்த்தி, இதைத் திருத்துங்கள் என்று கேட்டுவிட்டு அமர்ந்தேன். என் உரைகளிலேயே மிகக் குறுகியது அது. கைத்தட்டல் இல்லை. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் தட்டினார். அவர் காரோட்டுபவர் என்பதால் அவை அதைப் பொருட்படுத்தவில்லை. அவைக்குறிப்பில் தேய்வு இன்றும் தேய்வாகவே இருக்கிறது.

மாலையோடு மேட்டை இறங்கினேன். அதை உரிய கழுத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று எண்ணம். வழியெல்லாம் மலாயில் இரண்டு வாக்கியம் கட்டிக்கொண்டு வந்தேன். செட்டி அம்மாள் முற்றத்தில், காரின் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் சரியில்லை. வலச்சக்கரத்திலிருந்து துணியை எடுத்து, என் கண்முன்னே பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"சுடாஹ் தாக் பானாஸ் லாகி, தம்பி" என்றார்.

இப்போது சூடே இல்லையாம். சோறு பொங்கிய நேரம் முழுவதும் போட்டு வைத்தாராம், ஈரம் அப்படியே இருக்கிறதாம். ஒரு மாதமாக நன்றாக வேலை செய்த பொருளைப் படித்த பிள்ளைகள் கூடிக் கெடுத்துவிட்டோமாம். நான் நீட்டிய மாலையை வாங்கிக்கொண்டு, வேறு இடம் இல்லாததால், துணியை என் கையில் கொடுத்து, வேலியில் போடச் சொன்னார்.